8 ஜிபி ராமில் 200 எம்பிதான் மிச்சம் என்கிறது லினக்ஸ். படித்த கோப்புகளை ராமில் வைத்திருக்கும் கேஷை அடிக்கடி காலி செய்யலாமா, கூடுதல் ராம் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். 'ஃப்ரீ' கட்டளை காட்டியதை அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஃப்ரீ 200 எம்பி, பஃப்/கேஷ் 5.5 ஜிபி, அவைலபிள் 5.4 ஜிபி. பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் அவைலபிள்தான். கேட்டால் அவ்வளவும் கிடைக்கும்.

ஒரு கோப்பைப் படித்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை 4 கேபி பக்கங்களாக ராமில் வைத்துக்கொள்கிறது. புரோகிராமை மூடினாலும் அவை போகாது. சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒரு இடத்தைத் தேடி எடுக்கச் சில மில்லி செகண்டு ஆகும். ராமில் அதே வேலை சுமார் 100 நானோ செகண்டு. சும்மா கிடக்கிற ராமை இதற்குப் பயன்படுத்தாமல் வேறு எதற்கு? இன்னொரு புரோகிராம் இடம் கேட்டால், வெகுநேரம் தொடாத பக்கங்களைக் கெர்னல் விட்டுவிடும். அசல்தான் டிஸ்கில் இருக்கிறதே.

நானும் உங்களைப் போலப் பயந்தவன். கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழ மண்டியின் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். மணிக்கொரு முறை கேஷைக் காலி செய்ய 'டிராப் கேஷஸ்' வரியை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டு வைத்திருந்தேன். ஜூனில் பெங்களூரா மாம்பழ லோடு வரிசையில் நிற்கும்போது கணக்குப்பிள்ளை சொன்னார்: "மணி அடிச்ச மாதிரி ஒவ்வொரு மணிக்கும் நின்னு நின்னு போவுதுங்க." விவசாயி பட்டியல், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் பாவம் கணினி மறுபடி டிஸ்கிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. அந்த வரியை எடுத்தேன், அன்றே சரியாயிற்று.

கவலைப்பட வேண்டியது டிஸ்கில் எழுதும் வேலையைப் பற்றி. மண்டியில் முதலில் சிட்டையில் குறிப்பார்கள், பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். லினக்ஸும் அப்படித்தான். சேவ் கொடுத்ததும் மாற்றம் ராமில் விழுகிறது. டிஸ்கில் ஏறாத அந்தப் பக்கத்துக்கு டர்ட்டி பேஜ் என்று பெயர். கெர்னல் வழக்கமாக 5 செகண்டுக்கு ஒருமுறை எழுந்து, 30 செகண்டு தாண்டியவற்றை டிஸ்கில் ஏற்றும். டர்ட்டி பேஜ்கள் மிக அதிகமானால் எழுதுகிற புரோகிராமையே காக்க வைக்கும். பென்டிரைவில் காப்பி முடிந்தது என்று காட்டிய பிறகும் எஜெக்ட் நேரமெடுப்பது இதனால்தான்.

ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாகக் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. காவேரிப்பட்டணம் விவசாயி ஒருவரின் லோடுக்கு அப்போதுதான் பில் போட்டிருந்தது. கரண்ட் வந்து பார்த்தால் பில் இல்லை. "சேவ் பண்ணேனுங்களே" என்று கணக்குப்பிள்ளை தவித்தார். அவர் மேல் தப்பே இல்லை. எடைச்சீட்டு கையில் இருந்ததால் மறுபடி போட முடிந்தது. அந்த பில் சாப்ட்வேர் வெறும் கோப்பில் எழுதிவிட்டு, 'எஃப்சிங்க்' கேட்காமல் விட்டுவிடுகிறது. டிஸ்கில் ஏறும்வரை காத்திருக்கச் சொல்லும் அழைப்பு அது. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் மாற்றத்தை உறுதிசெய்யும் ஒவ்வொரு கமிட்டிலும் அதைக் கேட்கும். இப்போது மண்டிக் கணக்கு போஸ்ட்கிரெஸில்தான் ஓடுகிறது.

ராம் எப்போது வாங்கலாம்? 'விஎம்ஸ்டாட் 1' ஓட்டுங்கள். வேலை நடக்கும்போது எஸ்ஐ, எஸ்ஓ (ராம் போதாமல் டிஸ்குக்குத் தள்ளியதைத் திரும்ப எடுப்பதும், தள்ளுவதும்) இரண்டிலும் எண்கள் ஓடிக்கொண்டே இருந்து, அவைலபிளும் சில நூறு எம்பிக்கு இறங்கினால் வாங்குங்கள். அதுவரை அந்தப் பணத்துக்கு யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள்.