நாய்கள் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேர என்ன தயாரிப்பு வேண்டும்?

கேள்வி: சென்னையில் ஞாயிறுதோறும் ஒரு நாய்கள் காப்பகத்துக்குப் போய் உதவ ஆசை. வீட்டில் நாய் வளர்த்த பழக்கம் உண்டு. அது போதுமா?

போதாது. வீட்டு நாய்க்கு உங்களைத் தெரியும். காப்பகத்தில் இருப்பவை வண்டியில் அடிபட்டவை, சொறி பிடித்தவை, வீட்டிலிருந்து துரத்தப்பட்டவை. உங்கள் கை அவற்றுக்குப் புதிது. கொஞ்சும் வேலை அங்கே கொஞ்சம்தான், கழுவும் வேலைதான் அதிகம்.

சேருவதற்கு ஒரு மாதம் முன்பே ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். கடிபடும் முன் போடும் முறையில் 0, 7, 21 (அல்லது 28) ஆகிய நாட்களில் மூன்று ஊசி, கையில்தான், தொப்புளைச் சுற்றி அல்ல. இதைப் போட்டிருந்தால் பிறகு கடிபட்டாலும் 0, 3 ஆகிய நாட்களில் இரண்டே ஊசி போதும், கடிவாயில் போடும் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி) தேவையில்லை. எந்தக் கடி, எந்தக் கீறலானாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடுப்பு: முழு பேன்ட், கம்பூட். எலி மூத்திரம் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றால் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் புண் இருந்தால் அன்றைக்குக் கழுவும் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிடுவது நல்லது.

இனி கழுவும் வேலை. பினாயில் வாசம் அடித்தால் சுத்தம் என்பது நம் ஊர் நம்பிக்கை. குட்டிகளைக் கொத்தாக அள்ளிப்போகும் பார்வோ வைரஸ் அந்த வாசத்துக்கெல்லாம் சாகாது, தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்குப் பிளீச் வேண்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீதத் திரவப் பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், அதாவது 10 லிட்டர் வாளிக்கு ஏறக்குறைய 330 மில்லி. பலரும் தவறுவது வரிசையில்தான். மலத்தை அள்ளாமல் மேலேயே ஊற்றினால் அழுக்கே பிளீச்சின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் நாயை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அப்புறம் பிளீச் ஊற்றித் தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க விடுங்கள். பிறகு அலசி, உலர்ந்ததும் நாயை உள்ளே விடலாம். கலவையை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றைய வாளி வீண். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

போகிற வரிசையும் முக்கியம். முதலில் குட்டிகள், பிறகு நலமான பெரிய நாய்கள், கடைசியில் நோய்ப் பிரிவு. நோய்ப் பிரிவில் கால் வைத்துவிட்டுக் குட்டிகளிடம் திரும்பினால் நோயை நீங்களே சுமந்துகொண்டு போகிறீர்கள். துடைப்பமும் வாளியும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி.

கூண்டுக்குள் நேராக நின்று முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், நாய் தானாக வரட்டும். வால் ஆடினாலே நட்பு என்று நினைக்க வேண்டாம். இடுப்போடு சேர்ந்து குழைந்து ஆடும் வால் வேறு, விறைத்து நின்று நுனி மட்டும் துடிக்கும் வால் வேறு. திறந்திருந்த வாய் சட்டென்று மூடி, உடம்பு உறைந்து, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிந்தால் கையை மெல்ல எடுங்கள். உறுமும் நாயைத் திட்டாதீர்கள். உறுமல் அது தரும் எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. வாய் மூட முடியாமல் தாடை தொங்கி, எச்சில் வடிந்து, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் நிற்கும் நாயின் வாய்க்குள் கை விடாதீர்கள். ரேபிஸின் ஒரு வகை அப்படித்தான் தெரியும். தள்ளி நின்று மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நடக்கக் கூட்டிப் போகும்போது கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள். வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு, மிச்சத்தை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். நாட்டு நாய்க்குத் தலை ஒடுங்கியிருக்கும். பயந்து பின்னால் இழுக்கும்போது நாமும் எதிர்ப்பக்கம் இழுத்தால் கழுத்துப் பெல்ட் காது வழியாக உருவி வந்துவிடும், நாய் சாலையில் நிற்கும். அப்போது இழுக்காமல் அதன் பக்கமாக இரண்டு அடி எடுத்து வையுங்கள், கயிறு தளரும். கோடையில் புறங்கையைத் தரையில் 5 விநாடி வைக்க முடியாவிட்டால் நடை வேண்டாம்.

சாப்பாடு தனித்தனித் தட்டில், தள்ளித் தள்ளி. பிரியாணியில் மிஞ்சிய வெங்காயச் சோறும் வெந்த எலும்பும் எடுத்துப் போகாதீர்கள். இரண்டு நாய் சண்டையிட்டால் நடுவில் கை நீட்டாமல் வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பு வாசலோடு, துணி தனி வாளியில். காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால் குளித்துவிட்டுத்தான் அதைத் தூக்க வேண்டும்.