வெளியூரில் இருக்கும் அப்பாவின் கணினியை இங்கிருந்தே சரிசெய்ய முடியுமா?

முடியும். அவரிடம் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் 'குவிக் அசிஸ்ட்' போதும். மைக்ரோசாஃப்டே தரும் செயலி, காசு கிடையாது. இருவரும் அதைத் திறந்துகொள்ளுங்கள். நீங்கள் மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் ஒரு குறியீடு வரும். அதைப் போனில் சொல்லுங்கள். 10 நிமிடத்துக்குள் அவர் அதைத் தட்டி, திரையைப் பகிர அனுமதித்தால் உங்களுக்கு எல்லாம் தெரியும். மவுஸ் உங்கள் கைக்கு வர அவர் இன்னொரு முறை அனுமதிக்க வேண்டும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மென்பொருள் நிறுவும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். அந்த நேரம் உங்கள் பக்கம் திரை கறுத்துப்போகலாம். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே அப்பாதான் 'யெஸ்' அழுத்த வேண்டும். அதனால் வேலை முடியும்வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருங்கள்.

இணையமே வராத கணினிக்கு இது உதவாது. வாட்ஸ்அப் வீடியோ காலில் மோடத்தின் விளக்குகளைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், இது மிக முக்கியம்: "பேங்க்ல இருந்து பேசறோம், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு" என்று யாராவது கூப்பிட்டு இதே செயலியைத் திறக்கச் சொல்லலாம். மோசடிக்காரர்களின் வழியும் இதுதான். நீங்கள் தரும் குறியீட்டைத் தவிர வேறெதையும் தட்டக் கூடாது என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.