துளை வழியா, திறந்தா? குழந்தையின் குடல் ஆபரேஷனில் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்கள் நான்கு மாத மகனுக்கு ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று பயாப்ஸியில் (திசுத் துண்டுப் பரிசோதனையில்) தெரிந்தது. வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். ஸ்கேன் எடுத்த இடத்தில் பழக்கமான ஒருவர், லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை வழியாக, ஒரே தடவையில் முடித்துத் தரும் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். போகலாமா?

பதில்: அந்த நபரோடு போகாதீர்கள். குழந்தையின் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் 'ஒரே தடவை' என்று எப்படிச் சொல்கிறார்? ஆள் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன், அவ்வளவுதான்.

உங்கள் மகனின் குடல் நுனியில் நரம்பு செல்கள் இல்லை. அந்தப் பகுதி தளராமல் இறுகியே கிடப்பதால் மலம் மேலே தேங்குகிறது. அதை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்குச் சற்று மேலே தைக்க வேண்டும். எந்த முறையானாலும் வேலை இதுதான். லேப்ராஸ்கோபியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் துளைகள் போதும், தழும்பு சிறிது. 1990களிலிருந்தே செய்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நல்ல குடல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது. ஆபரேஷன் நடக்கும்போதே சிறு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதற்கான நோய்க்குறியியல் மருத்துவர் அன்றைக்கு இருப்பாரா என்று கேளுங்கள். செய்பவர் குழந்தைகள் அறுவை நிபுணர்தானா என்பதையும் கேளுங்கள்.

ஒரே தடவையில் முடிக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. குடல் மிகவும் வீங்கியிருந்தாலோ, அழற்சி வந்திருந்தாலோ, முதலில் வயிற்றில் தற்காலிக மலவாய் வைப்பார்கள்; மலம் அந்தத் திறப்பு வழியாக ஒரு பையில் சேரும். வீக்கம் வடிந்து, குழந்தை எடை போட்ட பிறகுதான் பெரிய ஆபரேஷன். பையைப் பார்த்துப் பெற்றோர் மிரள்வதைத்தான் தரகர்கள் காசாக்குகிறார்கள். உங்கள் டாக்டர் திறந்து செய்யச் சொல்வதற்கும் இப்படி ஏதாவது காரணம் இருக்கலாம், விசாரியுங்கள். லேப்ராஸ்கோபி தனக்குப் பழக்கமில்லை என்று அவர் சொன்னால், அதுவும் நேர்மையான பதில்தான்.

காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றத்தோடு பீய்ச்சும் பேதி மூன்றும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை. ஆபரேஷனுக்குப் பிறகும் இது வரலாம். சாதாரண வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடையில் நிற்காதீர்கள்.

பிறந்த 48 மணி நேரத்தில் முதல் மலம் போகவில்லை என்றாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் எடையை எழுதுவார்கள், தடுப்பூசியை எழுதுவார்கள். இதை எழுத மட்டும் கை வராது! அப்புறம் மாதக்கணக்கில் மலச்சிக்கல் மருந்து.

சரி, இரண்டாவது கருத்துக்குப் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.