வாரம் ஒரு ராபமைசின் மாத்திரை முதுமையைத் தள்ளிப்போடுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்துவருகிறேன். என் அக்கா மார்பகப் புற்றுநோயால் காலமானார். ராபமைசினை வாரம் ஒருமுறை எடுத்தால் முதுமை தள்ளிப்போகும், புற்றுநோயும் அண்டாது என்று அமெரிக்காவில் இருக்கும் தோழி சொல்கிறார், அவரும் எடுக்கிறாராம். நான் தொடங்கலாமா?

பதில்: தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. தோழி சொல்வது கட்டுக்கதையல்ல. ஆனால் அந்த நன்மை இதுவரை யாருடைய உடலில் காணப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

1964ஆம் ஆண்டின் இறுதியில் ஈஸ்டர் தீவுக்குப் புறப்பட்ட கனடிய மருத்துவக் குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து, மான்ட்ரியல் ஆய்வகம் ஒன்றில் சுரேந்திர நாத் சேகலின் குழு பிரித்தெடுத்த பொருள்தான் ராபமைசின். இது செல்லுக்குள் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்ற புதிருக்கு 1991இல் விடை தந்தவர் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹால். மருந்துக்கு மசியாத ஈஸ்ட் செல்களைத் தேடிப்பிடித்து, அவற்றில் மாறியிருந்த மரபணுக்களை அவரும் சகாக்களும் அடையாளம் கண்டு டோர் என்று பெயரிட்டனர்.

அமினோ அமிலமும் இன்சுலினும் தாராளமாக இருக்கும்போது, இந்த மரபணுக்கள் உருவாக்கும் டோர் புரதம் முடுக்கம் பெற்று, செல்லைப் புதிய புரதங்களையும் கொழுப்பையும் கட்டவைக்கிறது. உணவு குறைந்தால் அடங்கி, பழுதான தன் பாகங்களையே செல் சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ள வழிவிடுகிறது. வளர்ச்சி முடிந்த பிறகும் இது ஓயாமல் இயங்குவது முதுமைக்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பல புற்றுக்கட்டிகளில் இதே வழித்தடம் கட்டுப்பாடின்றி இயங்குவதால், ராபமைசினின் உறவு மருந்தான எவரோலிமஸை 2009இல் அமெரிக்கா முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. அங்கும் அது பெரும்பாலும் கட்டியின் வளர்ச்சியைச் சில மாதங்கள் தடுக்கிறதே தவிர, கட்டியை ஒழிப்பதில்லை.

தோழி நம்பியிருப்பது, அநேகமாக, அதே 2009இல் வெளியான சுண்டெலி ஆய்வையாக இருக்கும். மனிதரின் 60 வயதுக்கு ஒப்பான 600 நாள் வயதில் மருந்தைத் தொடங்கியும், பெண் எலிகளின் ஆயுள் உச்சம் 14 விழுக்காடும் ஆண் எலிகளுடையது 9 விழுக்காடும் கூடின. முக்கியமான முடிவுதான். ஆனால் ஆய்வகச் சுண்டெலிகளில் பெரும்பாலானவை புற்றுநோயால்தான் இறக்கின்றன. எனவே கட்டிகளைத் தாமதப்படுத்தும் எந்த மருந்தும் அவற்றின் ஆயுளைக் கூட்டிவிடும். முதுமையே மெதுவாகிறதா, புற்றுநோய் மட்டும் தள்ளிப்போகிறதா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

மனிதரிடம் கணக்கு வேறு விதமாக வந்தது. நோய் எதிர்ப்பைத் தணித்து, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க ராபமைசின் தரப்படுவதுண்டு. அப்படி மாற்று உறுப்பு பெற்றவர்களிடம் நடந்த 21 சோதனைகளை 2014இல் ஒருங்கே தொகுத்தபோது, சிரோலிமஸ் (ராபமைசினின் மருந்துப் பெயர் இதுதான்) எடுத்தவர்களிடம் புற்றுநோய் அபாயம் 40 விழுக்காடு குறைந்திருந்தது, மரண அபாயமோ 43 விழுக்காடு கூடியிருந்தது! அவர்கள் நோயாளிகள், தினசரி மருந்து எடுத்தவர்கள். வாரம் ஒரு மாத்திரைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் புற்றுநோய் குறைந்தால் ஆயுள் தானாகக் கூடும் என்ற நம்பிக்கையை இந்த எண்கள் உலுக்கவே செய்கின்றன.

உங்கள் விஷயத்தில் என்னைத் தயங்கவைப்பது சர்க்கரை நோய். டோர் புரதம் செல்லில் இரண்டு கூட்டமைப்புகளாக இயங்குகிறது. நீண்டகாலம் எடுத்தால் இந்த மருந்து, முதலாவதோடு இரண்டாவது கூட்டமைப்பையும் குலைத்து, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதைக் குறைக்கிறது. இரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் ஏறலாம். வாய்ப்புண், ஆறத் தாமதிக்கும் காயம், தொற்று ஆகியவையும் உண்டு. நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கிடப்பதால், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை ஆரோக்கியமானவருக்கு எழுதிக்கொடுக்க நான் துணியமாட்டேன். கிளாரித்ரோமைசின் (நுண்ணுயிர்க்கொல்லி), டில்டியாசெம் (இரத்த அழுத்த மருந்து) போன்றவற்றுடன் சேர்ந்தால் இதன் அளவு இரத்தத்தில் வெகுவாக எகிறும்.

அக்காவின் நோய்தான் உங்கள் கவலை என்றால், மாத்திரையை விட மேமோகிராம் உறுதியான வழி. அக்காவுக்கு 50 வயதுக்கு முன்பே நோய் வந்திருந்தாலோ, குடும்பத்தில் கருப்பைக்குழாய் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, மரபணு ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள். மெட்ஃபார்மினைச் சர்க்கரைக்காகத் தொடருங்கள்.

ஒருவேளை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். காய்ச்சல், விடாத இருமல், மூச்சுத்திணறல் தோன்றினால் அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே அவரைப் பாருங்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் அறுவை சிகிச்சையாக இருந்தாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.