வாட்ஸ்அப் உள்ளே விட மறுத்தால்: வாசகர் கேள்வி-பதில்

சார், ஃபோன் தொலைந்துபோய் அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கினேன். கால் பேச முடிகிறது, வாட்ஸ்அப் ஓடிபி மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் இப்போது மணிக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறது.
- வாசகி, ராயபுரம்

வாட்ஸ்அப்பைத் திட்டாதீர்கள். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி அது. வேறு எவனாவது உங்கள் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, பேங்க் ஓடிபியைப் பிடித்துக் கணக்கைத் துடைத்துவிடக் கூடாதல்லவா? சிம் கொடுக்கிற கடைக்காரர் இதை ஒரு வார்த்தை சொல்லலாம், சொல்வதில்லை.

ஓடிபியைக் கேட்கக் கேட்க காத்திருக்கும் நேரம்தான் நீளும். அது முடிந்ததும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் கால் மூலம் ஓடிபி கேளுங்கள். காலுக்குத் தடை இல்லை. குரல் சொல்லும் ஆறு எண்ணை எழுதிக்கொண்டால் போதும். நம்பர் அடிக்கும்போது முன்னால் சைபர் போடாதீர்கள்.

'தெரியாம உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்துடுச்சு, அனுப்புங்க' என்று தெரிந்த அக்கா நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. அனுப்பினேன். உடனே என் வாட்ஸ்அப் வெளியே தள்ளிவிட்டது. இப்போது ஏதோ பின் நம்பர் கேட்கிறது. நான் பின் நம்பர் எதுவும் வைத்ததில்லை.
- வாசகர், வியாசர்பாடி

மெசேஜ் அனுப்பியது அக்கா இல்லை, அவர் கணக்கை ஏற்கெனவே பிடித்தவன். உங்களிடம் வாங்கியது உங்கள் கணக்கின் ஓடிபி. பின் நம்பர் வைத்ததும் அவனே.

உடனே உங்கள் நம்பரைப் போட்டு ஓடிபி வாங்கி உள்ளிடுங்கள். பின் தெரியாவிட்டாலும் பரவாயில்லை: ஓடிபி சரியாக விழுந்த நிமிடமே அவன் வெளியே. ஆனால் பின் இல்லாமல் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் ஆகும். அதைக் குறைத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள், குறுக்கு வழி கிடையாது.

அந்த ஏழு நாள் கைகட்டி உட்கார வேண்டாம். 'ஆஸ்பத்திரியில இருக்கேன், ஜிபே பண்ணு' என்று உங்கள் பெயரில் சொந்தக்காரர்களுக்கு ஏற்கெனவே மெசேஜ் போயிருக்கலாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். யாராவது பணம் போட்டிருந்தால் அவர்களே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கணக்கு திரும்பியதும், வாட்ஸ்அப்பில் இணைத்த கருவிகளைக் காட்டும் லிங்க்டு டிவைசஸில் தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள். ஓடிபியோடு பின் நம்பரும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் சொந்தப் பின் வைத்து, மெயில் ஐடியும் கொடுங்கள். பின் மறந்தால் அந்த மெயில்தான் காப்பாற்றும்.

அப்பா விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறார். அவர் வாட்ஸ்அப்பை வீட்டு லேப்டாப்பில் திறந்து வைத்துத்தான் மீன் கணக்கு பார்க்கிறோம். சில தடவை தானாக லாக் அவுட் ஆகிவிடுகிறது.
- வாசகி, காசிமேடு

ஃபோனில் 14 நாளுக்கு மேல் வாட்ஸ்அப் பயன்படாமல் இருந்தால் இணைத்த கருவிகள் எல்லாம் லாக் அவுட் ஆகும். நடுக்கடலில் டவர் ஏது? அவர் கரை சேர்ந்து ஃபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்த பிறகு, அதே ஃபோனால் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். மீன் கணக்கு விஷயம் அவசரம் என்றால் அதைக் கரையில் இருப்பவர் நம்பருக்கு மாற்றிவிடுவது நல்லது.

பர்மா பஜாரில் வாங்கிய பழைய ஆண்ட்ராய்டு ஃபோன். 'தேதி தவறு' என்று சொல்லி வாட்ஸ்அப் திறக்கவே மாட்டேன் என்கிறது.
- வாசகர், திருவொற்றியூர்

செட்டிங்ஸில் தேதி, நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு. ஃபோன் 2015இல் நின்றால் அது செல்லாது. ஒவ்வொரு முறை ஆஃப் செய்யும்போதும் தேதி பின்னால் போனால் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே என்றால் தேதியைச் சரிசெய்தும் பயனில்லை, வாட்ஸ்அப் அதில் ஓடாது. கடைக்காரர் மாற்றிக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.