சித்தப்பா சொல்கிறார் என்று இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்காதீர்கள், அண்ணே

போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டிலிருந்து மகளின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு அவளோடு வந்தீர்கள், நானும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். தப்பு. அவளுக்கு டாக்டர் படிப்பு வேண்டாம்.

"குடும்பத்துக்கு ஒரு டாக்டர்" என்கிறாரே சித்தப்பா, கட்டணத்தில் அவர் எத்தனை வெள்ளி போடுகிறார்? எண்ணெய் தரும் செம்பனையில் குலை வெட்டிச் சேர்த்த பணம் உங்களுடையது. அதைத் தனியார் கல்லூரியில் கொட்டி முடித்தாலும் 2016 டிசம்பருக்குப் பிறகு புது டாக்டர்களுக்கு முதலில் கிடைப்பது ஒப்பந்த வேலைதான்.

அவள் என்னிடம் காட்டியது ஒரு நோட்டு. செம்பனை மரத்தில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட், நல்ல மழை கொட்டிக் குளிர்ந்தால் ஒன்பதாம் நாள் வாக்கில் வட்டாரமெங்கும் ஒன்றாகப் பூத்து அன்றே வாடிவிடுமே, அந்தத் தேதிகளை மூன்று வருஷமாக எழுதியிருக்கிறாள்!

இப்படிப் பொறுமையாகக் கவனிக்கிற பிள்ளைக்கென்றே தாவர மரபியல் இருக்கிறது. புறா ஆர்க்கிட்டின் வேர் நுனியைக் கிள்ளி, சாராயமும் அசெட்டிக் அமிலமும் கலந்ததில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுக்கு அடியில் கட்டைவிரலால் நசுக்கினால் 38 குரோமோசோம்களை எண்ணலாம். எரிசினா புசில்லா என்ற குட்டி ஆர்க்கிட்டுக்கு ஒரு டஜனுக்கு மேல் போகாது. ஜீனோம் அளவோ, அதாவது ஒரு செட் குரோமோசோமில் உள்ள மொத்த டிஎன்ஏ, ஆர்க்கிட் என்ற இந்த ஒரே குடும்பத்துக்குள் 160 மடங்குக்கு மேல் ஏறி இறங்கும். குரோமோசோம்களின் முழு செட்டும் இரட்டிப்பது ஒரு காரணம், திரும்பத் திரும்ப நகலாகும் டிஎன்ஏ துண்டுகள் இன்னொன்று. அளக்க, இலையை பிளேடால் பட்டாணி இலையோடு சேர்த்து நறுக்கி, சாயமிட்டு, டிஎன்ஏவை அளக்கும் கருவியில் ஓட விடுவார்கள். டிஎன்ஏ அளவு ஏற்கெனவே தெரிந்த பட்டாணிதான் ஒப்பிடும் படிக்கல். ஆனால் பல ஆர்க்கிட்டுகளின் இலைச் செல்கள் பிரியாமலே டிஎன்ஏவைப் பெருக்கிக்கொள்ளும், அசந்தால் கணக்கு தப்பும். தேதி குறிக்கும் பிள்ளைக்கு ஏற்ற வேலை.

பூ சோறு போடுமா என்று அண்ணி கேட்டார். செம்பனைக்கு 32 குரோமோசோம். அதன் ஜீனோமை மலேசிய செம்பனை வாரியம் 2013-இல் வெளியிட்டது, கொட்டையின் ஓட்டுத் தடிமனைத் தீர்மானிக்கும் ஜீனும் அப்போதுதான் பிடிபட்டது. காய்க்கும்வரை காத்திராமல், கன்றின் இலையிலேயே சோதித்து நல்ல சாதியைப் பிரிக்க இப்போது முடிகிறது. அந்த ஆய்வுக்கூடங்களிலும் இதே கைப்பழக்கம்தான் வேண்டும். டாக்டர் சம்பளம் வராது, மாஸ்டர்ஸும் படிக்க வேண்டியிருக்கும், மறைக்க மாட்டேன்.

ஆறாம் படிவத்தை அரசாங்கப் பள்ளியில் முடிக்கட்டும், அப்புறம் செர்டாங்கோ பாங்கியோ, ஏதாவது ஒரு அரசாங்கப் பல்கலைக்கழகம், பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனுக்கு மேல் ஒரு வெள்ளி கடன் வாங்காதீர்கள். சித்தப்பாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது மட்டும் அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.