ஒன்பதும் ஒன்றுதானா?

கேள்வி: கோவா டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசையில், பல கலைஞர்களின் நவீன தொகுப்பு ஒன்றைக் கேட்டேன். ஒன்பது டிராக்குகளும் ஒரே டிராக்கைப் போலத்தான் இருந்தன. 1990களில் செய்து முடித்ததையே இன்னும் நகலெடுக்கும் இசைக்கு, இத்தனை பேரைச் சேர்த்து ஒரு தொகுப்பு எதற்கு?

பதில்: அந்த ஒன்பதில் எத்தனையைக் கடைசி வரை கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் நிமிடத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியிருந்தால் ஒன்பதும் ஒன்றாகத்தான் தோன்றியிருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. கோவாவின் அஞ்சுனா, வாகத்தோர் கடற்கரைகளில் இந்த இசை உருவான காலத்தில், அங்கே இரவு முழுவதும் இசை ஒலிக்கச் செய்தவர்கள் வெயிலில் வளைந்துபோகும் வினைல் தட்டுகளைத் தவிர்த்து, டாட் என்னும் சிறிய டிஜிட்டல் ஒலிநாடாவையே பெரிதும் பயன்படுத்தினார்கள். தட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு டிராக்குகளின் தாளத்தை ஒட்டவைப்பதுபோல அந்த நாடாவில் செய்ய இயலாது. ஆகவே தாளமில்லாத நீண்ட ஒலிப்பரப்பில் தொடங்கி, மெல்ல ஏறி, மீண்டும் தாளம் கரைந்து முடியும் அமைப்பு இந்த இசைக்குப் பொருந்திவந்தது. இன்றும் பலர் அந்த அமைப்பைக் கைவிடவில்லை. நீங்கள் கேட்டது வாசற்படியாக இருக்கலாம். வீடு உள்ளே இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கோடு சொல்கிறேன். நிமிடத்துக்கு 145 தாள அடிகள் ஓடும் ஒரு டிராக்கில் ஓர் அடியை நான்காகப் பகுத்துச் சுரங்களை வைத்தால், விநாடிக்கு ஏறக்குறைய பத்துச் சுரங்கள் வருகின்றன. இந்த வேகத்தில் காது சுரங்களைத் தனித்தனியாக எண்ணுவதை விட்டுவிட்டு, அவற்றின் ஒலியின் நிறம் மாறுவதைப் பின்தொடரத் தொடங்குகிறது. டிபி-303 போன்ற சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவியின் ஒரே எட்டுச் சுர வரிசை திரும்பத் திரும்ப வரும்போது, ஒலியின் கூர்மையை வடிகட்டும் அதன் ஃபில்டர் மூடிய நிலையிலிருந்து சிறிது சிறிதாகத் திறக்கப்படுகிறது. அடித்தொண்டை முணுமுணுப்பாக இருந்தது ஈரமான கூர்மையை அடைந்து, இரண்டு நிமிடம் கழித்துக் கீச்சிடுகிறது. அதற்குள் அதன்மேல் இரண்டாவது வரிசை ஏறியிருக்கும், மூன்றாவது அதற்கு எதிர்த்திசையில் இறங்கியிருக்கும். இந்த வரிசைகளில் பல நம் தோடி ராகத்தின் சுரத்தானங்களையும், சில வகுளாபரண ராகத்தின் சுரத்தானங்களையும் கொண்டவை. சுரங்களை அசைத்து இசைக்கும் கமகம் இல்லாததால் இவற்றை ராகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோடி கேட்டுப் பழகிய காது இதற்குள் நுழைய அதிகச் சிரமப்படாது.

தொகுப்பு எதற்கு என்கிறீர்கள். கடற்கரை இரவு எதுவும் ஒரே கலைஞரால் நிறைந்ததில்லை. நாடாக்கள் கைமாறி, நகலாகி, பலருடைய ஆக்கங்கள் அடுத்தடுத்து ஒலித்தே அந்த இரவுகள் அமைந்தன. இசைத் தயாரிப்பாளர் மார்ட்டின் குளோவர் லண்டனில் தொடங்கிய டிராகன்ஃபிளை இசை வெளியீட்டு நிறுவனம் 1993இல் இந்த இசையைத் தொகுப்பாகவே வெளியிட்டது. அடுத்து வந்த டிப் நிறுவனம் மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று தன் தொகுப்புகளுக்கு நிறங்களின் பெயரை வைத்தது. இந்த இசைக்குத் தொகுப்புதான் இயல்பான வடிவம். தனிக் கலைஞரின் ஆல்பம் பெரும்பாலும் அதன் பிறகு வந்ததே.

நகல் என்ற குற்றச்சாட்டை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை. 1990களின் இறுதியில் பெரும்பாலோர் இந்த மெட்டுச் செறிவை விட்டு வறண்ட, தாளம் மேலோங்கிய பாணிக்குப் போய்விட்டார்கள். பின்னர் 2000களின் நடுப்பகுதியில் பெல்ஜியத்தின் சன்டிரிப் நிறுவனம் வழியாக ஸ்வீடனின் ஃபில்டீரியாவும் பிரான்சின் கெட்சலும் ஆல்பங்களை வெளியிட்டபோது, விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடர்ந்தார்கள் என்பதே என் கணிப்பு. அவர்களுக்குப் பின் வந்தவர்களில் வெறுமனே பழைய ஒலியை மீட்டெடுப்பவர்களும் உண்டு. ஆனால் நவீனத் தொகுப்புகளில் எனக்குள்ள வருத்தம் வேறு. அன்று கையில் இருந்தவை சில கருவிகள். ஒரு வரிசை நுழைய வேண்டுமானால் மற்றொன்று விலக வேண்டியிருந்தது. இன்று கணினியில் எத்தனை அடுக்குகள் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், ஆறாம் நிமிடத்தில் ஐந்தாறு மெட்டுகள் ஒரே உயரத்தில் நின்று ஒன்றையொன்று மறைக்கின்றன. அதோடு மாஸ்டரிங் என்னும் இறுதி ஒலிச் சீரமைப்பில் எல்லாவற்றையும் ஒரே உரப்புக்கு அழுத்திவிட்டால், ஏற்றம் இருக்கிறது என்று தெரிந்தும் அது உடலில் படுவதில்லை. உங்கள் சலிப்புக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். அப்படியானால் குறை தொகுத்தவருடையது, உங்களுடையதல்ல.

தொகுத்தவரை மதிப்பிட டிராக்குகளின் வரிசையைப் பாருங்கள். நள்ளிரவுக்குரிய இருண்ட, முறுக்கான டிராக்குகள் எங்கே நிற்கின்றன, விடியலுக்குரிய வெளிச்சமான மெட்டு எத்தனையாவதாக வருகிறது, அதற்கு முன்னால் காதுக்கு ஓய்வு தரப்பட்டிருக்கிறதா என்பவற்றைக் கவனித்தால், அவர் ஓர் இரவை மனத்தில் வைத்துத் தொகுத்தாரா, கைக்கு வந்த கோப்புகளை அடுக்கினாரா என்பது தெரிந்துவிடும்.

ஒன்பது டிராக்குகள் என்றால் ஏறக்குறைய எழுபது நிமிடம். இடையில் நிறுத்தாமல், வரிசையை மாற்றாமல், ஒருமுறை கேளுங்கள். அதன் பிறகும் ஒன்பதும் ஒன்றுதான் என்று தோன்றினால் மீண்டும் எழுதுங்கள். எந்த டிராக்கின் எந்த நிமிடம் எதைப் போல இருந்தது என்று குறிப்பிட்டு எழுதுங்கள், அதையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.